பின்பாட்டுக்காரி

இவள் செத்துப்போயிருக்கலாம். எங்கேயோ, யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்திருந்தால் நானே கோயிலில் இவள் பேருக்கு ஒரு பூசை கொடுத்திருப்பேன். மெழுகுத்திரி ஏற்றி நாலு சொட்டுக் கண்ணீர்கூட விட்டிருப்பேன். இப்படி உயிரோடு, காலில் புதுச் செருப்போடு, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்கிறாளே.

கதவைத் திறந்த சாண்ட்ராவின் மனதில் ஓடியது இதுதான். வாயில் வந்தது வேறு.

"உள்ள வா பிலோமி."

"வான்னு நீ சொல்லணுமா? இது எங்க நைனா கட்டின வூடு."

இருபத்திரண்டு வருஷம் கழித்து நாத்தனார் பேசிய முதல் பேச்சு. கல்மண்டபத்துச் சந்திலிருந்து அவள் இருக்கிற எம்.கே.பி. நகர் என்ன சீமையா? ஷேர் ஆட்டோவில் ஏறினால் அரை மணி நேரம். உடம்பு பெருத்திருந்தது. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, கஞ்சி போட்ட நீலப் புடவை, தோளில் மடிப்புக் கலையாமல் ஊக்கு. கழுத்தில் சிலுவை இல்லை. டீச்சர் என்று பார்த்ததுமே தெரிந்தது. சாண்ட்ரா கொடியிலிருந்து ஒரு துண்டை இழுத்து நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டாள். அந்நியர் வந்தால் செய்வதை அவள் கை தானாகச் செய்தது. அதைப் பிலோமி கவனித்துவிட்டாள். முகம் இன்னும் இறுகியது.

கைப்பையிலிருந்து போனை எடுத்து சாண்ட்ராவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாடி இது?"

சாண்ட்ராவுக்கு அதைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. பத்து நாளாகக் கோயில் பங்கு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற வீடியோதான். காவிப் புடவை கட்டிய ஒருத்தி கட்டில் ஓரம் உட்கார்ந்து பாடுகிறாள். பொக்கை வாய்க் கிழவி சிரித்துச் சிரித்து ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொள்கிறாள். அன்பியம் என்கிற தெரு ஜெபக்குழுவின் கூட்டம் பற்றிச் சொல்ல வந்த இதே தெரு வினிதா ஜன்னல் வழியாக எடுத்து, அன்பியம் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். போன ஞாயிறு பிரசங்கத்தில் சாமியாரே அதைப் பற்றிச் சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்தபோது முகம் தெரியாத பெண்களெல்லாம் சாண்ட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எம்பேர வச்சிக்கினு, எம்புடவையக் கட்டிக்கினு, எங்கம்மாவுக்கு ஊட்டற. ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் அழுதுக்கினே எனக்குக் காட்டறா. 'பாருங்க மேடம், இந்தக் காலத்துல இப்டி ஒரு மருமக'ன்னு. நான் இன்னா சொல்லட்டும்? அந்தச் செத்துப்போன பொண்ணு நான்தான்னு சொல்லட்டுமா?"

"செத்துப்போன பொண்ணுன்னு யாரு சொன்னா?"

"கீழ எழுதிக்கீது, படி. 'இறந்த மகளின் உடையில் தாயைக் காக்கும் மருமகள்.' படிக்கத் தெரியும்ல?"

அதை வினிதா தானாக எழுதிக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம், அவள் இந்தப் பங்குக்கு வந்தே நாலு வருஷம்தான். ஆனால் சாண்ட்ரா அதைப் பார்த்தாள். பார்த்த நிமிஷமே போன் போட்டு, 'அப்படியில்ல வினிதா, மாத்திடு' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்கே தன்னைக் கேட்டுப் பார்த்தாள். இனித்தது, அதுதான் காரணம். பிலோமி இறந்துவிட்டாள் என்று எழுத்தில் படிப்பது நாக்கின் அடியில் ஒரு கல்கண்டு மாதிரி இனித்தது.

சத்தம் கேட்டு உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் ஜெரி லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்தான். கன்டெய்னர் யார்டில் கேட் சூப்பர்வைசர். லாரிக்காரர்களிடம் கத்திக் கத்தி வீட்டிலும் அதே தொண்டை. தங்கையைப் பார்த்ததும் ஒரு தரம் செருமினான். அவ்வளவுதான்.

"நைனா சாவுக்கு வரல. இப்ப இன்னாத்துக்கு வந்துகீற?"

"வரலன்னு எவ சொன்னா? கல்லறை கேட்டாண்ட நின்னேன். பேஞ்ச மழைல கொடைகூட இல்லாம நின்னேன். உன் பொண்டாட்டி நேராப் பார்த்தா. பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கினா. கேளு அவள."

ஜெரி திரும்பினான்.

"பார்த்தேன்," என்றாள் சாண்ட்ரா.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அவள அங்கியே அடிச்சிருப்பீங்க."

அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளறையிலிருந்து மாமியார் ஞானத்தின் குரல் வந்தது. "யார்டி அங்க கத்திக்கினு? ஏய், கூட்டிக் கொடுத்தவளே! சோத்த எடுத்தா. பட்டினி போட்டே கொல்லலாம்னு பாக்கறியா?"

பிலோமி அந்தக் குரலுக்கு அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த போன் தாழ்ந்தது. "யாரச் சொல்லுது?"

"என்னத்தான்," என்றாள் சாண்ட்ரா. "நைட்டில இருந்தா நான் சாண்ட்ரா."

*

காவிப் புடவையின் கதை தெரியாதவள் அந்தத் தெருவில் வினிதா ஒருத்திதான் இருப்பாள்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி பெசன்ட் நகர் மாதா கோயிலில் கொடியேற்றம். ராயபுரத்திலிருந்து விடியலுக்கு முன்பே காவி உடுத்தி, செருப்பில்லாமல் நடக்கத் தொடங்குவார்கள். நடைக்குப் பாட்டு வேண்டும். முன்னால் ஒருத்தி ஒரு வரி சொல்வாள், பின்னால் வருகிற கூட்டம் அதற்குப் பதில் வரி சொல்லும். அந்த வருஷங்களில் முன்னால் பாடியவள் பிலோமி. அவளுக்கு ஒரு கை தூரத்தில், பதில் வரியைக் கூட்டத்துக்கு எடுத்துக் கொடுத்தவள் சாண்ட்ரா.

காலில் கொப்புளம் மாதாவே என்று பிலோமி இழுப்பாள். கை கொடுக்கணும் மாதாவே என்பாள் சாண்ட்ரா. வெயில் கொளுத்துது மாதாவே. நிழல் கொடுக்கணும் மாதாவே. கடற்கரைச் சாலையில் வெயில் ஏறி எல்லோரும் துவளுகிற நேரம் பார்த்து, பிலோமி தன் சொந்தச் சரக்கை எடுத்துவிடுவாள். எங்கம்மா இட்டிலி கல்லு மாதாவே. பல்லு கொடுக்கணும் மாதாவே. கூட்டம் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு மைல் நடக்கும். ஞானம் மகளின் இடுப்பில் கிள்ளிவிட்டு, தானும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

கடைசி வருஷம், கோயில் மணலுக்குப் போய்ச் சேர்ந்ததும் பிலோமி குளிக்கிற அறைக்குப் போனாள். வெளியே வந்தபோது நீலச் சுடிதாரில் இருந்தாள். காவிப் புடவை மடித்துப் பையில் இருந்தது. "ரெண்டு மணி நேரம் கம்முனு இருடி. அதுக்கப்புறம் கேட்டா சொல்லு. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் லெட்டர் போட்டுடறேன்," என்று பையைக் கையில் திணித்தாள். தூரத்தில் ஒரு ஆட்டோ. அதன் பக்கத்தில் நிலவன். வியாசர்பாடிப் பையன் என்று மட்டும் சாண்ட்ராவுக்குத் தெரியும். அதுவும் அந்த நிமிஷம்தான் தெரியும்.

ஞானம் வந்து, "பிலோமி எங்கடி?" என்று கேட்டபோது, "பாத்ரூம்ல" என்றாள் சாண்ட்ரா. இரண்டாவது தடவை கேட்டபோதும் அதையே சொன்னாள். அவள் செய்த குற்றம் அந்த இரண்டு மணி நேரம்தான். கோயில் வாசலில் ஊர் பார்க்க அடி வாங்கினாள். கை வலித்ததும் ஞானம் தண்ணீர் பாட்டிலால் அடித்தாள். அதற்குப் பிறகு சாண்ட்ராவைப் பெண் கேட்டு எவனும் வரவில்லை. 'ஓடிப்போறதுக்குத் துணை போனவ' என்ற பேர் நிலைத்தது. ஜெரி வீட்டில் சண்டை போட்டு அவளைக் கட்டினான். அந்தக் கல்யாணத்துக்கு ஞானம், வீடு கழுவும்போது கட்டுகிற பழைய புடவையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எடுத்துக் கொடுத்த பட்டைப் பிரிக்கவே இல்லை.

லெட்டர் வரவில்லை. முதல் வருஷம் போஸ்ட்மேனின் சைக்கிள் மணிக்கெல்லாம் சாண்ட்ரா வாசலுக்கு ஓடினாள். பிறகு நின்றுபோனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞானத்துக்கு மறதி வந்தது. அடுப்பு மறந்தது, புருஷன் செத்தது மறந்தது, ஜெரியின் பேர்கூடச் சில நாள் மறந்தது. சாண்ட்ரா மீதிருந்த வன்மம் மட்டும் மறக்கவில்லை. அவள் கையால் எதையும் வாங்க மாட்டாள். சோறு வைத்தால் துப்புவாள், தட்டை எற்றுவாள். எட்டு நாள் வெறும் காபித் தண்ணி. ஒன்பதாம் நாள் அடைமழை. கொடியில் ஒன்றும் காயவில்லை. மாற்றுத் துணி தேடிய சாண்ட்ராவின் கையில் பீரோவின் அடித்தட்டிலிருந்த காவிப் புடவை அகப்பட்டது. ஈர நைட்டியை உரித்துப் போட்டுவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

"பிலோமி," என்றாள் ஞானம். "காலு வலிக்குதாடி கண்ணு?"

அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலை சாண்ட்ரா கேட்டதில்லை. 'நான் பிலோமி இல்ல' என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது பாட்டு. இட்டிலி வரி வந்ததும் கிழவி சிரித்தாள். சிரித்த வாயில் கஞ்சி போனது.

அன்றிலிருந்து மதியமும் இரவும் அதுதான் ஏற்பாடு. ஒரே முகம், ஒரே கை, ஒரே சோறு. நைட்டியில் போனால் வசவு. காவியில் போனால் கொஞ்சல். தலையைத் தடவுவாள், நெற்றியில் சிலுவை போடுவாள், சோற்றில் முதல் உருண்டையை அவள் வாய்க்கே திருப்பி நீட்டுவாள். சின்ன வயதிலேயே தாயை இழந்த சாண்ட்ரா, முதல் மாதம் அதற்காகவே மதியத்தைக் காத்துக் கிடந்தாள். ஒளித்துச் சொல்வானேன், பசித்தவள் மாதிரி காத்துக் கிடந்தாள்.

ஆனால் கொஞ்சலுக்கு நடுவில் தினமும் ஒரு பேச்சு வரும். "அந்தச் சாண்ட்ராவோட சேராதடி. மூஞ்சியப் பாரு, மூணு நாள் வாடின சாமந்தியாட்டம். உம்மேல எனக்குக் கோவமே இல்ல. நீ பச்சப் புள்ள. அவதான் உன்னக் கூட்டிக் கொடுத்தா. அவளப் பாம்பு புடுங்க."

"ஆமாம்மா," என்று சொல்லி சாண்ட்ரா அடுத்த வாய் ஊட்டுவாள்.

ஒரே ஒரு நாள் அப்படிச் சொல்லவில்லை. காவியில் இருந்துகொண்டே, "சாண்ட்ராவுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவ மேல தப்பில்ல," என்றாள். பிலோமியின் வாயால் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தாள். ஞானம் வாயிலிருந்த சோற்றைப் புடவை மேலேயே துப்பினாள். "நீ எம்பொண்ணு இல்ல," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் பட்டினி. மூன்றாம் நாள் மாதாவே மாதாவே என்று அரை மணி நேரம் பாடி, "ஆமாம்மா, அவ நாசமாப் போவட்டும்," என்று தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் வாய் திறந்தது.

வினிதாவின் வீடியோவில் அந்தப் பகுதி இல்லை.

*

பிலோமி உள்ளே போனாள். ஜெரி தடுக்கவில்லை. சாண்ட்ரா வாசற்படியில் நின்றுகொண்டாள்.

"எம்மா," என்றாள் பிலோமி. "எம்மா, நான்தாம்மா."

ஞானம் ஏற இறங்கப் பார்த்தாள். "ரேஷன் கார்டுக்கு எழுத வந்துகீறியா? இந்த வூட்ல மூணு பேரு. நானு, எம்புருஷன் சவரிநாதன், எம்பையன். பொண்ணு கோயிலுக்குப் போய்கீது. அத்தோட நாலு." சாண்ட்ராவைக் கை காட்டினாள். "இவள எழுதாத. இவ இந்த வூட்டு ஆளு இல்ல."

"நான் பிலோமிம்மா."

"அய்ய, இன்னா தாயி நீ, உளறிக்கினு! எம்பொண்ணு இவ்ளோ கறுப்பா? இவ்ளோ கெய்வியா?"

பிலோமி வெளியே வந்தபோது மூக்கு விடைத்திருந்தது. அழுகை இல்லை. "புடவையக் குடு," என்றாள்.

"கட்டினாலும் ஆவாது."

"நீ கட்டினா பிலோமி, நான் கட்டினா ஆவாதா? ராங்கு பண்ணாத. குடு."

சாண்ட்ரா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்து, கரை நைந்து போயிருந்தது. பிலோமி அதை முகத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்துவிட்டுச் சட்டென்று விலக்கினாள். "உன் வேர்வ நாத்தம் வருது," என்றாள்.

"ரெண்டு வருஷமா நான் கட்டறேன். வேற யார் வேர்வ வரும்?"

கதவைச் சாத்திக்கொண்டு கட்டினாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற மாதிரியே கட்டினாள். கொசுவம் வரிசையாக, தோளில் ஊக்கு, கீழே தரை பெருக்குகிற நீளம். நடைக்குக் கட்டுகிறவர்கள் கணுக்காலுக்கு மேலே தூக்கி, முந்தானையை இடுப்பில் சொருகுவார்கள் என்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை. சாண்ட்ராவுக்கு இருந்தது. சொல்லவில்லை.

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜெரியும் சாண்ட்ராவும் இந்தப் பக்கம் நின்றார்கள். பிலோமி கட்டில் ஓரம் உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். இருபது வருஷம் வகுப்பில் கத்திய குரல். ஆனால் முதல் வரியை இழுத்த விதத்தில் பழைய பிலோமி அப்படியே வந்தாள். ஜெரியின் கண் கலங்கியது. காலில் கொப்புளம் மாதாவே. பதில் சொல்ல ஆளில்லை. அவளே அதையும் பாடினாள். ஞானம் தலையை நிமிர்த்தினாள். காது அந்தப் பக்கம் சாய்ந்தது. வெயில் கொளுத்துது மாதாவே. கிழவியின் உதடு லேசாக விரிந்தது. அடுத்து எது வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தாள்.

பிலோமி நிறுத்திவிட்டாள். பிறகு முதல் வரிக்கே திரும்பினாள். மறுபடி கொப்புளம், மறுபடி வெயில். மறுபடி நின்றது.

மறந்துவிட்டாள். தான் கட்டிய வரியைத் தானே மறந்துவிட்டாள். முன்னால் பாடுகிறவளுக்கு அது அந்தந்த நேரத்து விளையாட்டு. வாயில் வந்தது, போனது. பின்னால் சொல்கிறவள்தான் ஒவ்வொரு வரிக்கும் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். அதனால் அவளுக்குத்தான் மறப்பதில்லை. சாண்ட்ராவின் நாக்கு நுனியில் இட்டிலி வரி வந்து நின்றது. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தால் போதும். பிலோமி பிடித்துக்கொள்வாள். தாயும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். வீடியோவில் வந்ததைவிட நன்றாகவே இருக்கும்.

சாண்ட்ரா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை கொப்புளம் வந்ததும் ஞானத்தின் முகம் மாறியது. "யார்டி நீ?" என்றாள். "எம்பொண்ணு புடவைய எவ குடுத்தா உனக்கு? அவுருடி! திருட்டு முண்ட, அவுரு!" முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஊக்கோடு துணி கிழிந்தது. பக்கத்திலிருந்த எவர்சில்வர் சொம்பு பறந்து பிலோமியின் நெற்றியில் பட்டது. கண்ணாடி கழன்று விழுந்தது. ஜெரி ஓடிப்போய் அம்மாவின் கைகளைப் பிடித்தான். "ஐயோ, எம்பொண்ணக் கொன்னுட்டு அவ புடவையக் கட்டிக்கினு வந்துகீறா," என்று ஞானம் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

*

பிலோமி நீலப் புடவைக்கு மாறிக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வீக்கம். சாண்ட்ரா கொண்டுவந்து வைத்த ஐஸ் தண்ணீரைத் தொடவில்லை.

"அந்தப் பாட்டுல வேற ஒரு வரி கீது. கீது இல்ல?" என்றாள். "வீடியோல சத்தம் மேல ஏதோ மியூசிக் போட்டுக் கெடுத்து வச்சிருக்காங்க. அம்மா சிரிக்கற எடத்துல நீ ஏதோ பாடற. இன்னா அது?"

"கீது."

"கதவாண்ட நின்னுக்கினுதானே இருந்த. ஏன் எடுத்துக் குடுக்கல?"

"நீ ஏன் லெட்டர் போடல?"

பிலோமி நிமிர்ந்து பார்த்தாள். எந்த லெட்டர் என்று யோசிப்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த யோசனை முடிய ஒரு நிமிஷம் ஆனது. சாண்ட்ரா அந்த ஒரு நிமிஷத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அய்யோ, அதுவா," என்றாள் பிலோமி. "மறந்தே போய்ட்டேண்டி. அப்ப எனக்கிருந்த பேஜாருல... நிலவன் வூட்டாண்டயும் சண்ட, ரெண்டு மாசம் முகத்துவாரக்குப்பத்துல அவன் தோஸ்து வூட்ல கெடந்தோம். சரி, அதையே இன்னும் புடிச்சிக்கினு இருந்தியா? எங்கண்ணனக் கட்டிக்கினு, எங்க வூட்டப் புடிச்சிக்கினு நல்லாத்தானே கீற, அண்ணி?"

'அண்ணி' என்பதை அவள் எச்சில் மாதிரித் துப்பினாள்.

உள்ளேயிருந்து மறுபடியும் குரல். "சோறு! சோறு போடுங்கடி பாவிங்களா!" மணி இரண்டு தாண்டியிருந்தது. ஜெரி கூடத்துக்கு வந்தான். கையில் அம்மாவின் நகக் கீறல்.

"சாண்ட்ரா, போ. கட்டிக்கினு போய் ஊட்டு. தெருவே வேடிக்க பாக்குது."

"கிழிஞ்சிகீது," என்றாள்.

"முந்தானிதானே. உள்பக்கமா சொருவிக்கினா தெரியாது."

சாண்ட்ரா கிழிந்த இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிலோமி எழுந்து அவள் பக்கத்தில் வந்தாள். இத்தனை நேரம் இல்லாத ஒரு தயக்கம் குரலில் இருந்தது. அது பணிவு இல்லை. கேட்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

"இரு. ஒரே ஒரு தபா. நீ எப்டியும் நானாத்தானே போற. போனதும் ஒண்ணே ஒண்ணு கேளு. 'எம்மேல கோவமாம்மா, என்னை மன்னிச்சிட்டியா'ன்னு கேளு. நான் கதவாண்ட நிக்கறேன். அம்மா சொல்றத என் காதால கேட்டுட்டுப் போய்டறேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன். பொடவயும் நீயே வச்சிக்க, பேரையும் நீயே வச்சிக்க."

ஜெரி மனைவியைப் பார்த்தான். "கேட்டுடு. கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவ? தெனம் ஆடற ஆட்டந்தானே."

கேட்டால் என்ன பதில் வரும் என்று சாண்ட்ராவுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். உம்மேல எனக்குக் கோவமே இல்லடி. நீ பச்சப் புள்ள. அத்தோடு நிற்காது. நிற்கவே நிற்காது. கோபமில்லை என்பதற்குப் பின்னாலேயே அந்தச் சாண்ட்ரா என்று தொடங்கும். அவளைப் பாம்பு பிடுங்க வேண்டும், அவள் வயிறு எரிய வேண்டும் என்று போகும். அதற்கு ஆமாம்மா என்று சொன்னால்தான் சோறு இறங்கும். யாருமில்லாத அறையில் இரண்டு வருஷம் அந்த ஆமாம்மாவைச் சொல்லியாகிவிட்டது. பழகிவிட்டது. ஆனால் கதவுக்குப் பின்னால் இவள் நின்று கேட்கிறபோது, எல்லாம் தெரிந்த இவள் காதில் விழ, தன்னைத் தானே சபித்துக்கொள்ள வேண்டும். கேட்டுவிட்டு இவள் பாரம் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விடுவாள். இரண்டு மாதத்தில் இதையும் மறந்துவிடுவாள்.

முன்பு சாண்ட்ரா எத்தனையோ தரம் இந்த நாளை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பிலோமி வந்தால் கத்த வேண்டும், மயிரைப் பிடித்து இழுக்க வேண்டும், தெருவுக்குக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது தேடிப் பார்த்தால் அதில் ஒன்றையும் காணோம். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சோறு ஊட்டறதுக்குக் கட்டிக்குவேன்," என்றாள். "அத கேக்க மாட்டேன்."

"இன்னாது?"

"நீ கேக்க வேண்டியத நான் கேக்க மாட்டேன், பிலோமி."

"நான் கேட்டா அவங்களுக்கு என்னைத் தெரியலியேடி! கண்ணால பார்த்தல்ல?"

"பார்த்தேன்."

"அப்ப? பழி வாங்கறியா? ஒரு லெட்டருக்கா இம்மாம் பழி?"

சாண்ட்ரா அடுப்படிக்குப் போய்த் தட்டில் சோற்றைப் போட்டாள். மேலே குழம்பை ஊற்றி, வஞ்சிர மீன் துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து முள் எடுக்கத் தொடங்கினாள். ஜெரி பின்னாலேயே வந்து நின்றான்.

"சாண்ட்ரா, சொல்றேன்ல. கேளு. எனக்காக."

"இல்லங்க," என்றாள் அவள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன்னாவது சொல்லு."

ஒரு நீள முள் வந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, விரலால் சதையைத் தடவிப் பார்த்தாள். இன்னும் இரண்டு இருந்தன. உள்ளே ஞானம் கட்டிலின் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பிலோமி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மாட்டேன்," என்றாள் சாண்ட்ரா.